திங்கட்கிழமை டியூப்

எங்கள் லேபில் ரத்தம் எடுக்கிற அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நார்மல் அக்கா என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பட்டப்பெயரை வைத்த புண்ணியவதி நான்தான். ஏன் வைத்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

ரத்த அணுக்களை எண்ணுகிற மெஷின் எங்களிடம் ஒன்று இருக்கிறது. அதை ஓட்டுவது என் வேலை. திங்கட்கிழமை காலையில், முதல் நோயாளியின் ரத்தத்தை வைப்பதற்கு முன்னால், நோய்நொடி இல்லாத ஒருவரின் ரத்தத்தை அதில் வைத்து, ஒழுங்காக எண்ணுகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கென்றே கம்பெனியிலிருந்து ரத்தம் அடைத்த சீசா வரும். வர வேண்டிய நாளில் அது ஒரு தடவைகூட வந்ததில்லை. அதனால் எங்களில் யாராவது கையை நீட்டியாக வேண்டும். எனக்கு ரத்தசோகை. டாக்டருக்குச் சர்க்கரை, கொழுப்பு, இன்னும் என்னென்னவோ. வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பெண் ஊசியின் உறையைக் கிழிக்கும் சத்தத்துக்கே மயக்கம் போடுவாள். மிஞ்சியது அக்கா. அவளுடைய எண்கள் பாடப்புத்தகத்தில் அச்சடித்தவை போல இருக்கும். ஊதா மூடி போட்ட டியூபில் அவளே தன் ரத்தத்தை எடுத்து, "இந்தா, இந்த வாரக் கோட்டா" என்று என் மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். நான் அதில் பெயர் எழுத மாட்டேன், நார்மல் என்று எழுதுவேன். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். பதினொரு வருஷமாக இதுதான் பழக்கம்.

அவள் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறந்து நாலு நாள் ஆன குழந்தையின் கையில் நரம்பு தேடுவது என்றால் நாங்களெல்லாம் ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளிவிடுவோம். அக்கா அந்தக் கையை உள்ளங்கையில் ஏந்தி, "வாடா, எங்கடா ஒளிஞ்சிருக்க" என்று பேசிக்கொண்டே இருப்பாள். குழந்தை அழலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் பஞ்சு வைத்து ஒட்டியிருப்பாள். ஆறடி உயரத்தில் ஒருவர் வந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டால், "முடிஞ்சு டீயே குடிச்சாச்சு, எந்திரிங்க" என்பாள். அவள் விடுப்பு எடுத்த நாளில் வாசல் வரை வந்துவிட்டு, "அந்தம்மா இல்லையா? அப்ப நாளைக்கு வரோம்" என்று திரும்பிப் போனவர்கள் உண்டு. எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். என்னை அவள் மெஷின்காரி என்று கூப்பிடுவாள்.

அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் சாலையில் இருப்பார். ஒரே மகள். இதெல்லாம் வந்த புதிதிலேயே தெரியும். அவள் அம்மாவைப் பற்றித் தெரிய மூன்று வருஷம் ஆனது. ஒருநாள் சாப்பிடும்போது என் கையிலிருந்து டம்ளர் நழுவிக் கீழே விழுந்தது. அக்கா பேயறைந்த மாதிரி என் கையையே பார்த்தாள். என்னக்கா என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். அப்புறம் அவளாகவே சொன்னாள்.

அவள் அம்மா சட்டை தைக்கிற கம்பெனியில் காலர் மட்டும் தைப்பவள். ஒரு நாளைக்கு முந்நூறு காலர். நாற்பத்தோரு வயதில் காலர் கோணலாகத் தொடங்கியது. சூப்பர்வைசர் திட்டினான், பிறகு வேலையை விட்டே நிறுத்திவிட்டான். வீட்டில் பாத்திரங்கள் விழுந்தன. தெருவில் நடந்தால் காலை எங்கோ வைக்க நினைத்து எங்கோ வைப்பாள். குடிக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். வாடகை வீட்டின் சொந்தக்காரன் வந்து வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னான். பிறகு கை, கால், கழுத்து, முகம் எல்லாம் தன் இஷ்டத்துக்கு ஆடத் தொடங்கின. அமைதியாக இருந்தவள் வாய்க்கு வந்தபடி ஏசினாள், தட்டை எறிந்தாள். கடைசியில் விழுங்கவே முடியவில்லை. மொத்தம் பன்னிரண்டு வருஷம். அக்கா பதினெட்டு வயதில் அம்மாவுக்கு ஊட்ட ஸ்பூனைக் கையில் எடுத்தவள், முப்பதில்தான் கீழே வைத்தாள்.

"கடைசில ஒரு நரம்பு டாக்டர்தான் கண்டுபிடிச்சு சொன்னாரு. இது பரம்பரையா வர்றது, உங்களுக்கு வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்குன்னாரு. டெஸ்ட் இருக்கு, எடுத்துப் பாக்கறீங்களான்னு கேட்டாரு. வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"ஏன்க்கா?" என்றேன். எதிலும் விடையைப் பார்த்துவிட வேண்டும் எனக்கு. என் தொழிலே அதுதான்.

"மருந்து இருக்கா?"

"இல்ல."

"அப்பறம் தெரிஞ்சு என்ன பண்ணப் போறேன்? ஒவ்வொரு டம்ளர் விழும்போதும் ஆரம்பிச்சிடுச்சோன்னு பாத்துட்டு உக்காரணுமா? பாதிக்குப் பாதின்னாரே, அதுல அந்த நல்ல பாதி இருக்குல்ல, அதுலதான் நான் குடியிருக்கேன். என்னை அங்கருந்து யாரும் காலி பண்ணச் சொல்லாதீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை. நாற்பத்தோரு வயது பிறந்தபோது ஒருமாதிரியாக இருந்தாள். அடுத்த வருஷம் கொஞ்சம் தெளிந்தாள். நாற்பத்தைந்து பிறந்த அன்று லேபில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தாள். எனக்கு மட்டும் காரணம் தெரியும். அம்மாவுக்கு ஆரம்பித்த வயதைத் தாண்டி நாலு வருஷம்.

அந்த வருஷம்தான் மகள் கர்ப்பமானாள். முதல் ரத்தப் பரிசோதனைக்கு இங்கேதான் வந்தாள். மகளின் கையை வேறு யாரையும் அக்கா தொட விட்டதில்லை. மூன்று வயதுக் காய்ச்சலிலிருந்து அவளுக்கு ஊசி என்றால் அம்மா கைதான். அன்றும் எடுத்துவிட்டு, பஞ்சு ஒட்டிய இடத்தில் பெருவிரலால் அழுத்திப் பிடித்தபடி இருவரும் எங்கள் சாப்பாட்டு அறைக்கு வந்தார்கள். நான் அங்கே இருந்தேன். என்னை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாமல் மகள் ஆரம்பித்தாள்.

"நான் அந்த டெஸ்ட் எடுக்கப் போறேன்மா."

"வேண்டாம்."

"என் உடம்பு. என் குழந்தை. பாட்டி கட்டில்ல கெடந்து ஆடினத நானும் பாத்தவதான். எனக்கு இருக்கா இல்லையான்னு தெரியாம நான் எப்படிப் பெத்துக்கறது?"

"உனக்கு இருந்தா அது என்கிட்டருந்துதான வந்திருக்கும்? நீ உனக்கு எடுக்கற டெஸ்ட்டு எனக்கும் சேத்துத்தான். நீ வாயத் திறக்கலன்னாலும் உன் மூஞ்சியப் பாத்தே நான் கண்டுபிடிச்சிடுவேன்."

"அதுக்காக?"

யார் பக்கம் நியாயம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு ஏதாவது தெரியுமாம்மா? அத மட்டும் சொல்லு" என்றாள்.

"தெரியாது. சத்தியமா தெரியாது."

"உனக்கு இல்லன்னா எனக்கும் இல்ல. நீ எடுத்தாவே போதும்."

"இருந்தா?"

கடைசியில், இந்தக் குழந்தை பிறக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று மகள் அம்மாவுக்காக ஒத்துக்கொண்டாள். அரைமனசுதான். வெளியே போகும்போது அக்கா பார்க்காத நேரத்தில் என் மேஜைக்கு வந்தாள்.

"இப்ப எடுத்த ரத்தத்துல நீங்களே யாருக்கும் தெரியாம எங்கயாவது அனுப்பிப் பாத்துடுங்களேன். அம்மாகிட்ட நான் காட்டிக்க மாட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. கையெழுத்து இல்லாமல் யாருடைய ஜீனையும் தொடக் கூடாது, அது ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிற மாதிரி இல்லை, ஒருத்தியைப் பார்த்தால் குடும்பத்தையே பார்த்த மாதிரி, உன் அம்மாவின் சம்மதமும் அதில் இருக்கிறது என்று வாய் கிழியப் பேசினேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். எனக்கு அன்று முழுக்க என்னைப் பற்றி ரொம்ப நல்ல அபிப்பிராயம். இப்போது நினைத்தால் அந்த வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அதன்பின் ஐந்தாவது வாரம் புது மெஷின் வந்து இறங்கியது. பரம்பரை நோய்களைப் பார்க்கிற மெஷின். அந்த வட்டாரத்தில் எங்களிடம்தான் முதல். பத்து நாளில் வேலை தொடங்கியாக வேண்டும் என்று முதலாளி குதித்தார். கம்பெனி இன்ஜினியர் ஒருவர் வந்து என்னோடு உட்கார்ந்தார். பெட்டியில் மேலாக இருந்த டெஸ்ட் கிட்டை எடுத்துப் பிரித்தோம். அதன்மேல் நோயின் பெயர் இல்லை, ஜீனுக்கு வைத்த மூன்றெழுத்துத்தான் இருந்தது. எனக்கு அந்த மூன்றெழுத்து தெரியாதா? தெரியும். படித்திருக்கிறேன். அந்த நிமிஷம் அது எனக்கு ஒரு பெட்டி.

"நோய் உள்ள சாம்பிள் கிட்லயே இருக்கு மேடம். இல்லாதது ஒண்ணு வேணும். உங்ககிட்ட நார்மல் ஏதாவது இருக்கா?" என்றார்.

"நார்மலுக்கா பஞ்சம்?" என்று எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன்.

யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் நடந்தது இதுதான். அது அக்காவின் ரத்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதினொரு வருஷமாக வாராவாரம் என் கையால் ஒரு வார்த்தையை எழுதி எழுதி, டியூபுக்குப் பின்னால் இருந்த மனுஷியை நானே அழித்திருந்தேன்.

மறுநாள் மதியம் திரையில் கோடுகள் வந்தன. ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஜீனில் ஒரு சின்னத் துண்டு எத்தனை தடவை திரும்பத் திரும்ப வருகிறது என்ற கணக்கு. சாதாரணமாகப் பதினைந்து, இருபது. நாற்பதைத் தொட்டால் அந்த நோய் என்றைக்காவது வந்தே தீரும். நார்மல் என்று எழுதிய டியூபுக்குப் பதினேழு, நாற்பத்து நாலு என்று வந்தது.

"கிட் சாம்பிள்லருந்து தெறிச்சு ஒட்டியிருக்கும் மேடம், மறுபடி போடுவோம்" என்றார் இன்ஜினியர். கிட்டில் இருந்த நோயாளியின் எண் ஐம்பத்தொன்று. ஒட்டியிருந்தால் ஐம்பத்தொன்று அல்லவா வர வேண்டும்? அதைச் சொல்ல வாயெடுத்தேன். அது யாருடைய ரத்தம் என்று அப்போதுதான் உறைத்தது. இன்ஜினியர் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா ஒரு கிழவரின் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் போட்டோம். பதினேழு, நாற்பத்து நாலு.

டாக்டரிடம் போய் அழுதேன். அவர் நல்ல மனுஷர், நிதானமானவர். கதவைச் சாத்தச் சொன்னார்.

"அவங்க கேட்டாங்களா?"

"இல்ல சார்."

"கையெழுத்து இருக்கா? பேர் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப இப்படி ஒரு டெஸ்ட் நடக்கவே இல்ல. அழிச்சிடு."

"சார், அவங்க பொண்ணுக்கு இது மூணாவது மாசம். இப்ப தெரிஞ்சாத்தான் அவளால ஏதாவது முடிவெடுக்க முடியும். அப்பறம் நாள் கடந்துடும். அவளுக்கும் ஒரு நியாயம் இருக்கே."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "திறக்காதேன்னு ஒருத்தங்க பூட்டி வெச்சிருந்த வீட்ட நாம தெரியாம திறந்துட்டோம். தப்பு. அதுக்காக உள்ள போய், இங்க இது இருக்கு, அங்க அது இருக்குன்னு தெருவுல நின்னு சொல்லணுமா? வாய மூடிட்டு பூட்டிட்டு வந்துடு. பொண்ணுக்கு வேணும்னா அவ வந்து கையெழுத்துப் போட்டுக் கேக்கட்டும்."

"அவ கேக்க மாட்டா சார். அம்மாவுக்காக விட்டுக்கொடுத்துட்டா."

"அப்ப அவங்க ரெண்டு பேரும் பேசி எடுத்த முடிவு அது. அதுல நீ யாரு?"

நான் யாரும் இல்லைதான். கம்ப்யூட்டரில் இருந்த முடிவை அழித்தேன். டியூபை ஆஸ்பத்திரிக் கழிவு போடுகிற மஞ்சள் பையில் போட்டேன். யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்தேன். மூச்சு விடவும் இல்லை. என்னால் அவ்வளவு முடிந்தது.

அடுத்த திங்கட்கிழமை அக்கா வெள்ளைக் கோட்டின் கையை மடித்துக்கொண்டே வந்தாள். அவள் ரத்த அணுக்களில் ஒரு குறையும் இல்லை. எண்ணுகிற மெஷினுக்கு நாற்பத்து நாலும் தெரியாது, பதினேழும் தெரியாது. வழக்கம்போல வாங்கி வைத்திருக்கலாம். ஆனால் அந்த டியூபை வாங்கி, அதன்மேல் மறுபடி அந்த வார்த்தையை எழுத எனக்குக் கை வரவில்லை.

"இன்னைக்கு வேண்டாம்க்கா. என்னோடதே எடுத்துட்டேன்" என்று முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைக் காட்டினேன்.

"உன்னோடதா? உனக்கு இருக்கறதே அரை டம்ளர் ரத்தம், அதையும் எடுத்துட்டியா?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரமும் பஞ்சைக் காட்டினேன். அக்கா சிரிக்கவில்லை. "சத்து மாத்திரை சாப்பிடறேன்க்கா, இப்ப பரவால்ல" என்றேன். தலையாட்டினாள். அந்த வாரம் முழுவதும் நான் அவள் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. சாப்பிடும்போது எதிரே உட்காராமல் வேலை இருக்கிறதென்று எழுந்துவிடுவேன். பாத்திரம் கழுவப் போனால் "நான் கழுவறேன்க்கா" என்று வாங்கிக்கொள்வேன். டாக்டர் அவளிடம் பேசும்போது குரலைத் தாழ்த்திப் பேசினார். நாங்கள் ரகசியம் காத்த லட்சணம் இது.

மூன்றாவது திங்கட்கிழமை அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேரே மெஷினுக்குப் போய், திரையில் இருந்த என் ரத்தத்தின் எண்களைப் பார்த்தாள். பதினொரு வருஷத்தில் அவளுக்கு அதைப் படிக்கத் தெரியும்.

"ஹீமோகுளோபின் ஒன்பதரை. இத வெச்சா மெஷின் சரியா இருக்கான்னு பாக்கற?"

நான் மேஜையில் இருந்த டியூப்களை அடுக்கத் தொடங்கினேன்.

"மூணு வாரமா உன் கைய நீயே குத்திக்கற, என் டியூப மட்டும் தொட மாட்டேங்கற. என் ரத்தத்துக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டவள், கேள்வியை முடிப்பதற்குள் திரும்பி மூலையில் இருந்த புது மெஷினைப் பார்த்தாள். அதன்மேல் இன்னும் பிளாஸ்டிக் உறை பாதி கிழியாமல் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"அதுல என்னோடத வெச்சியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. அக்கா பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்ன எண் என்று கேட்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அழுதுகொண்டே, தெரியாமல் நடந்துவிட்டது, யாரிடமும் சொல்லவில்லை, அழித்துவிட்டேன் என்று என்னென்னவோ உளறினேன். அவள் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, வேறு யாருடையதையோ பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன நாளும் அவ கேட்டா தெரியாதுன்னு சொல்லுவேன். அது உண்மை. இனிமே அதே வார்த்தையச் சொன்னா பொய்" என்றாள். "எனக்கு இருந்த ஒரே வசதி அதுதான். அதையும் எடுத்துட்ட, மெஷின்காரி."

வெளியே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. நாலைந்து மாதம் இருக்கும். அதன் தாய், "அந்தம்மாவே எடுக்கட்டும்" என்று சொல்வது கேட்டது. அக்கா எழுந்துபோய், குழந்தையின் கையை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். ஊசியைப் பிரித்தாள். பிறகு எல்லாவற்றையும் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "நீ எடு" என்றாள். அவள் கை நடுங்கவில்லை. நான் கிட்டே நின்று பார்த்தேன். பாறை மாதிரி இருந்தது. இன்னும் மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ அப்படியே இருந்திருக்கும். நோய் அவளிடம் வருவதற்கு முன்னால் நான் வந்து நின்றுவிட்டேன்.

அந்த வாரமே மகளுக்கு அடுத்த பரிசோதனை. வயிறு லேசாகத் தெரியத் தொடங்கியிருந்தது. வந்ததும் வராததுமாக நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போல அம்மாவின் பக்கம் கையை நீட்டினாள். அக்கா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"அவ எடுப்பா" என்றாள் அக்கா, என்னைக் காட்டி.

"ஏன்மா? நீ எடு."

"கை வலிக்குது."

மகள் நீட்டிய கையை மடக்கவில்லை. முகத்திலிருந்த சிரிப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. பாட்டியின் கட்டிலுக்குப் பக்கத்தில் வளர்ந்த பெண் அவள். அம்மா முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்த கைகளையே பார்த்தாள்.

"எப்பலருந்து வலிக்குது?"

அக்கா தெரியாது என்றுகூடச் சொல்லவில்லை. மகள் என் பக்கம் திரும்பினாள். நான் குனிந்து ரப்பர் பட்டையைக் கட்டினேன். நரம்பு நன்றாகவே தெரிந்தது. முதல் குத்தில் தவறிவிட்டேன். இரண்டாவதும் தவறியது. மூன்று பேரில் கை நடுங்கியது எனக்குத்தான்.